கொழும்புக் கரையில் தூண்டிலில் ஏறும் அபூர்வ மீன்கள்: அடையாளம், கையாளும் முறை, சாப்பிடலாமா?

1. முகத்துவாரத்தான்

தென்மேல் பருவக்காற்று அடங்கி மேற்குக் கரைத் தண்ணீர் தெளியத் தொடங்கினால், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கற்களில் தூண்டில் கம்புகள் கூடிவிடும். கூடவே "அண்ணை, இது என்ன மீன், சாப்பிடலாமா?" என்ற கேள்வியோடு படங்களும் வரத் தொடங்கும். ஒரு படத்துக்குக் கீழே பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அதில் ஒன்று பிழைத்தால் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில். அதனால்தான் இந்தக் கலந்துரையாடல் இழை. களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரம் தொடங்கிக் கல்கிசைப் பாறை வரை, கரையில் நின்றோ சிறு வள்ளத்தில் இருந்தோ தூண்டில் போடுபவர் கையில் எப்போதாவது ஏறும் மீன்களை மட்டும் இங்கே பேசுவோம். சூரை, அறுக்குளா, பாரைக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். "சாம்பல் நிறம், கொஞ்சம் மஞ்சள்" என்று எழுதாதீர்கள். தண்ணீரை விட்டு வந்த சில நிமிடங்களில் நிறம் மாறிவிடும். ஐஸில் வைத்தால் இன்னொரு நிறம். எண்ணக்கூடியதை எழுதுங்கள்: முதுகில் எத்தனை முள், குதத் துடுப்பில் எத்தனை, பல் எப்படி, செவுள் திறப்பு பக்கத்திலா அடியிலா, செதில் தட்டையா, மணலா, செதிலே இல்லையா.

முதல் மீனை நானே தொடங்குகிறேன். முகத்துவாரத்தில் பெரிய மழைக்குப் பிறகு ஆறு மரக்கட்டை, ஆகாயத்தாமரைக் கூட்டம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு கடலுக்குள் தள்ளும். அந்தக் குப்பையின் நிழலில் பக்கவாட்டில் சரிந்து, காய்ந்த இலை மாதிரி மிதக்கும் ஒரு மீன் உண்டு. பார்த்தால் செத்த மீன் என்றுதான் தோன்றும். முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் பின்னால் வட்டமாக நீண்டு வாலுக்கு இரு பக்கமும் நிற்பதால் மூன்று வால் போல் தெரியும். விஞ்ஞானப் பெயர் லொபோட்டஸ் சுரினாமென்சிஸ். நான் மூன்றுவால் மீன் என்றே எழுதுகிறேன். முதுகில் வழக்கமாக 12 முள்.

குப்பையின் மேலேயே எறிந்தால் மீன் கீழே இறங்கிவிடும். நீரோட்டம் வரும் பக்கமாக இரண்டு மீற்றர் தள்ளி எறிந்து, இரையைத் தானாக மிதந்து வரவிட வேண்டும். மிதப்புக்குக் கீழே ஒரு மீற்றர் நூல், 1/0 தூண்டில் முள், உயிர் இறால், ஈயம் வேண்டியதில்லை. லீடர் (முள்ளோடு சேரும் கடைசித் துண்டு நூல்) 30 இறாத்தல். கையால் தூக்கும்போது செவுள் மூடிக்கு முன்னால் உள்ள எலும்பின் ஓரம் வாள் பல் மாதிரி இருக்கும். செவுளுக்குள் விரல் விட்டால் விரல் கிழியும். இறைச்சி வெள்ளை, உறுதி. தாராளமாகச் சாப்பிடலாம்.

2. வெள்ளவத்தை_அலை

நல்ல இழை அண்ணை. ஐஸ் பெட்டியில் இருக்கிற ஒரு மீனைப் பற்றிக் கேட்கிறேன். தட்டையான உடம்பு, நீளம் 28 சென்டிமீற்றர், கறுப்பு மாதிரி. (நிறம் எழுத வேண்டாம் என்றீர்கள், வேறு சொல்லத் தெரியவில்லை.) முதுகில் ஒரு தடித்த முள் நட்டுக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு அமத்தினாலும் படுக்கவில்லை. வெளியே எடுத்தபோது கொரகொர என்று ஒரு சத்தம். சின்ன வாய். தூண்டில் முள்ளை விழுங்கவில்லை, ஆனால் அதன் கழுத்து நசுங்கிப் போயிருக்கு. இது விஷமுள்ள பேத்தை வகையா? எறியவா?

3. கல்கிசைப்பாறை

எறிய வேண்டாம் தம்பி. சொன்னதை வைத்துப் பார்த்தால் கிளாத்தி. பேத்தைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் வேறு குடும்பம்.

அந்த முள் ஏன் படுக்கவில்லை என்பது தெரிந்தால் கையாள்வது சுலபம். முதல் முள் பெரியது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு சின்னதாக இரண்டாவது முள் நிற்கும், அதுதான் முட்டுக்கட்டை. முதல் முள் எழும்பினதும் இரண்டாவது அதன் அடியில் போய் முட்டுக் கொடுத்துப் பூட்டிவிடும். பெரிய முள்ளை எவ்வளவு அமத்தினாலும் பூட்டு இறுகுமே தவிரத் திறக்காது. பெருவிரலால் சின்ன முள்ளைப் பின்பக்கமாக அமத்துங்கள், பெரியது தானாகச் சாயும். பவளப்பாறைப் பொந்துக்குள் புகுந்து இந்த முள்ளை உயர்த்திவிட்டால் எந்த மீனாலும் அதை இழுத்தெடுக்க முடியாது. கிளாத்தி ஏறினதும் முதல் ஐந்து விநாடி ரீலைச் சுற்றாமல் விட்டால் நூல் அறுந்ததாகவே கணக்கு. அது பொந்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

சத்தம் சில இனங்களில் கைத்துடுப்பு, அதன் பின்னால் இருக்கிற தடித்த செதில்களில் உரசுவதால் வருவது. பயப்பட ஒன்றுமில்லை.

எண்ணிச் சொல்லுங்கள்: முதுகில் முள் மூன்றா இரண்டா? மேல்தாடையில் வெளிவரிசைப் பல் எட்டா ஆறா? தோலில் செதில் தட்டுத் தட்டாகத் தெரிகிறதா, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பா? மூன்று முள், எட்டுப் பல், தட்டுச் செதில் என்றால் கிளாத்தி. ஒன்று அல்லது இரண்டு முள், ஆறு பல், உப்புத்தாள் தோல் என்றால் அதன் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டையும் இங்கே ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

தூண்டில் முள் நசுங்கினது பல்லால். நண்டுக் கோதும் சங்கும் உடைக்கிற தாடை அது. மெல்லிய கம்பி முள் போட்டால் நெளிந்துவிடும். தடித்த கம்பியில் சிறிய முள், இலக்கம் 4 முதல் 1 வரை, மேலே 10 சென்டிமீற்றர் மெல்லிய வயர். அதற்கு மேல் வயர் நீளம் தேவையில்லை. நீளம் கூடினால் கடி குறையும். கழற்றும்போது விரலை வாய்ப்பக்கம் கொண்டு போகாதீர்கள்.

4. புதுத்தூண்டில்

பேத்தையைப் பற்றி எழுதினதால் கேட்கிறேன். எங்கட பக்கம் சிலர் பேத்தையைத் தோல் உரித்து, ஈரல், சினை எல்லாம் எடுத்து, மஞ்சள் போட்டு நல்லா அவித்தால் விஷம் போய்விடும் என்று சொல்கிறார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். உண்மையா?

5. நெய்தல்

இல்லை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை, தம்பி.

பேத்தையின் நஞ்சு டெட்ரோடொக்சின். அடுப்புச் சூட்டுக்கு அது அழியாது. அவித்தாலும், பொரித்தாலும், கருவாடு போட்டாலும் இருக்கும். மஞ்சள், புளி, தேசிக்காய் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஈரலிலும் சினையிலும் அதிகம், குடலிலும் தோலிலும் உண்டு. "உள்ளே உள்ளதை எடுத்துவிட்டோம்" என்ற பேச்சு பிழைப்பது எங்கே என்றால், சில இனங்களில் சதையிலேயே நஞ்சு இருக்கிறது. லகோசெபாலஸ் லுனாரிஸ் அப்படி ஒன்று. வெள்ளி வயிறு, பச்சை கலந்த முதுகு. அதைப்போலவே இருக்கும் இன்னோர் இனத்தின் சதையில் நஞ்சு குறைவு. இரண்டுக்கும் வித்தியாசம் முதுகில் உள்ள நுண்ணிய முட்கள்: ஒன்றில் தலையில் தொடங்கி முதுகுத் துடுப்பு அடிவரை போகும், மற்றதில் பாதி வழியில் நின்றுவிடும். விரலை வாலில் இருந்து தலைப்பக்கமாக ஓட்டினால்தான் தெரியும். இரவில், டோர்ச் வெளிச்சத்தில், கல்லில் நின்றுகொண்டு அந்த வித்தியாசத்தை நம்பி ஒரு வீட்டுக்குக் குழம்பு வைக்க முடியுமா?

"கொஞ்சம் சாப்பிட்டவருக்கு ஒன்றுமில்லை" என்பதற்கும் காரணம் உண்டு. நஞ்சின் அளவு மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் மாறும், சினைக்காலத்தில் கூடும். போன தடவை தப்பினது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

அடையாளம்: பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு பல் தகடு, நடுவில் கோடு தெரியும். முள்ளம்பேத்தைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுக்கோடு இல்லை, உடம்பெல்லாம் நீள முள். இரண்டையும் கடலுக்கே விடுங்கள். பூனைக்கும் நாய்க்கும்கூடப் போடாதீர்கள். கற்களில் எறிந்துவிட்டும் போகாதீர்கள், எடுத்துச் சமைக்க ஆள் இருக்கிறது.

விடும் முறை: வெளியே காற்றை விழுங்கி ஊதிவிட்டால் மீன் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்க முடியாது. தண்ணீருக்குள் பிடித்து, தலை மேலே வால் கீழே இருக்கும்படி செங்குத்தாக வைத்துக்கொண்டால் காற்றுக் குமிழ் வாயால் வெளியேறும். அதற்குப் பிறகு விடுங்கள். வாய்ப்பக்கம் கை வேண்டாம். நைலோன் நூலை ஒரே கடியில் அறுக்கிற பல்.

6. மருந்துப்பெட்டி

நெய்தல் அக்கா எழுதினதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், ஊசி குத்துவது போல் இருக்கும். பெரும்பாலும் 10 முதல் 45 நிமிடத்துக்குள். சிலருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பிறகு முகம், விரல் நுனி, வாந்தி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல். கடைசியில் மூச்சுத் தசை ஓயும். அந்த நிலையிலும் ஆளுக்கு நினைவு இருக்கலாம். கண் திறக்க முடியாமல் கிடப்பவரின் பக்கத்தில் நின்று "ஆள் போய்விட்டது" என்று பேசாதீர்கள், அவருக்குக் கேட்கும்.

மாற்று மருந்து கிடையாது. மெஷினில் மூச்சுக் கொடுத்து, உடம்பு நஞ்சை வெளியேற்றும்வரை காப்பாற்றுவதுதான் சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுதாகத் தேறுவார்கள். அதனால் உதடு விறைத்த உடனேயே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" வேண்டாம். கொழும்பில் இருந்தால் தேசிய வைத்தியசாலை கிட்டத்தான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். சமைத்த மீனில் மிச்சம் இருந்தால், தலையோடு, பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

குழப்பம் வரக்கூடிய இன்னொன்று: வெயிலில் கிடந்த சூரை, கும்பளா சாப்பிட்டு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, உடம்பு தடித்தால் அது ஹிஸ்டமின். அங்கே சிவப்பும் சொறியும் முன்னுக்கு நிற்கும். பேத்தையில் விறைப்பு முன்னுக்கு நிற்கும். ஹிஸ்டமினும் சமைத்தால் போகாது. பிடித்த உடனே ஐஸ்.

7. கம்புக்காரன்

சாப்பிட்டால் நஞ்சு ஒரு பக்கம். குத்தினால் நஞ்சு இருக்கிற மீன்கள்தான் இந்தக் கரையில் தினமும் ஆட்களை மாட்டுவது. பெரும்பாலானவருக்கு ஓராவின் முள்ளில் நஞ்சு இருப்பதே தெரியாது. வீட்டில் ருசியாகச் சாப்பிடுகிற மீன் ஆச்சே. கணக்குப் பாருங்கள்: முதுகில் 13, குதத்தில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டாக 4. மொத்தம் 24 முள். இதைவிட முதுகுத் துடுப்புக்கு முன்னால் தோலுக்குள் இருந்து தலைப்பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு முள். மற்ற மீனை முன்னாலிருந்து தடவிப் பிடிப்பது போல் இதைப் பிடிக்கவே முடியாது.

கட்டாவும் அப்படித்தான். முதுகிலும் குதத்துடுப்புக்கு முன்னாலும் தனித்தனியாக நிற்கிற குட்டை முட்கள். அது துள்ளும்போது கையில் கீறினால் கீறலுக்குப் பொருந்தாத வலி வரும்.

வரிக் கெளுத்தி (கறுப்பு உடம்பில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு, வால் விலாங்கு மாதிரிக் கூர்) முதுகில் ஒன்று, இரு பக்கக் கைத்துடுப்பில் ஒவ்வொன்று. மூன்றே முள்தான், ஆனால் மூன்றும் அரம் மாதிரி. காலால் மிதித்துக்கொண்டு கழற்றலாம் என்று நினைத்தால் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். இதற்குக் குறடுதான். தூண்டில் முள்ளின் வளைவைக் குறடால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி ஒரு குலுக்கு, மீன் தானாக விழும்.

8. கல்கிசைப்பாறை

சிங்கமீனையும் சேருங்கள். பாறைக்குக் கிட்ட இரவில் இறால் போட்டால் ஏறும். பெரிய விசிறி மாதிரி நிற்கிற கைத்துடுப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். அதில் நஞ்சு இல்லை. நஞ்சு முதுகில் 13, குதத்தில் 3, வயிற்றுத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக 2, ஆக 18 முள்ளில். கத்தரிக்கோலால் அந்த 18 ஐயும் அடியோடு வெட்டினால் இறைச்சியைச் சாப்பிடலாம், நல்ல ருசி. செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கல்மீன் வேறு. பாசி படிந்த கல் மாதிரியே இருக்கும், வாய் மேல்நோக்கி. தூண்டிலில் ஏறினால் நூலை அறுத்துவிடுங்கள். அதைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

9. புதுத்தூண்டில்

குத்திவிட்டால் என்ன செய்வது? வினாகிரி ஊற்றச் சொல்கிறார்கள், சிலர் மேலே இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள், சிலர் தேசிக்காய் தேய்க்கச் சொல்கிறார்கள்.

10. மருந்துப்பெட்டி

மூன்றும் வேண்டாம். இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கித் தசை அழுகும். வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம்.

ஓரா, சிங்கமீன், கெளுத்தி, திருக்கை, கல்மீன் எல்லாவற்றின் நஞ்சும் சூட்டுக்கு அடங்கும். வெந்நீர்தான் முதலுதவி. தாங்கக்கூடிய அளவு சூடு, ஆனால் 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். வலி அடங்கி, வெளியே எடுத்தால் திரும்ப வந்தால், மீண்டும் அமிழ்த்துங்கள்.

கல்லில் நின்றுகொண்டு 45 பாகையை எப்படி அளப்பது? இதற்காகவே ஒரு லீற்றர் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் கொண்டு போங்கள். சில மணி நேரம் ஆறின ஃபிளாஸ்க் தண்ணீர் ஒரு கோப்பைக்கு, நம்ம ஊர் சாதாரணத் தண்ணீர் மூன்று கோப்பை கலந்தால் ஏறக்குறைய 43 இல் நிற்கும். ஃபிளாஸ்க் புதுசாக, கொதித்த உடனே ஊற்றியது என்றால் 46 வரை போகும், இன்னும் அரைக் கோப்பை பச்சைத் தண்ணீர் விடுங்கள். குத்துப்படாத கையால் சூட்டைப் பாருங்கள். குத்துப்பட்ட கை வலியில் சூட்டை உணராது. விஷக்கடியோடு வந்து கொப்புளத்தோடு போகிறவர்கள் அதனால்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபிளாஸ்க்கில் இருந்து கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருங்கள். வாளி இல்லாவிட்டால் இரை கொண்டுவந்த ஐஸ்கிறீம் டப்பா போதும், கழுவிவிட்டு.

மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கினால் வெட்ட வேண்டி வரும். திருக்கை முள் கையிலோ காலிலோ உடைந்து நின்றால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், துண்டு உள்ளே இருந்தால் புண் ஆறாது. நெஞ்சு, கழுத்து, வயிற்றில் ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, அசையாமல் துணி சுற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், நினைவில் வைத்திருங்கள். மூச்சு முட்டல், மயக்கம், முகம் வீங்குதல் இருந்தால் வெந்நீரை நம்பிக்கொண்டு இருக்காமல் 1990.

11. காக்கைதீவு15

முகத்துவாரப் பக்கம் அடிக்கடி வரும் குழப்பம்: பாம்பா, விலாங்கா? இரவில் அடியில் இரை போட்டால் இரண்டும் ஏறும்.

வாலைப் பாருங்கள். துடுப்புக் கோல் மாதிரித் தட்டையாக, பக்கவாட்டில் அகன்ற வால் என்றால் கடற்பாம்பு. பழைய ஆட்கள் வலக்கடியன் என்பார்கள். உடம்பில் செதில் தெரியும், செவுள் திறப்பு இருக்காது, துடுப்பு இருக்காது. பாம்பு விலாங்குக்கு வால் நுனி கூராக இருக்கும், அஞ்சாலைக்கு முதுகுத் துடுப்பு வால் நுனிவரை ஓடும். இரண்டுக்கும் தலைக்குப் பின்னால் பக்கத்தில் செவுள் துவாரம் உண்டு, செதில் தெரியாது. நிறத்தை நம்பவே கூடாது: பட்டை பட்டையாகக் கடற்பாம்பு வேஷம் போடுகிற விலாங்கு ஒன்று இருக்கிறது.

சந்தேகம் என்றால் பாம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கு ஏற்றாமல், கம்பு நீளத்துக்கு அப்பால் வைத்து நூலை வெட்டுங்கள். கடற்பாம்புக் கடி பல நேரம் வலிக்காது, கடித்த இடம் தெரியாது. பிறகுதான் தசை நோவும், கறுத்த சிறுநீரும். அஞ்சாலை என்றாலும் விளையாட்டு இல்லை. அதன் தொண்டைக்குள் இரண்டாவது சோடித் தாடை உண்டு, பிடித்ததை உள்ளே இழுக்கும். அதனால் விரலைக் கடித்தால் இழுத்து எடுக்க முடியாது.

12. நெய்தல்

திருக்கையும் உழுவையும். இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் உள்ள மற்ற மீன்கள் நம்மை நோகடிப்பவை. உழுவையை நாம்தான் நோகடிக்கிறோம்.

முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா மாதிரி இருப்பதால் ஆட்கள் சுறாக்குட்டி என்று நினைத்துக் கொண்டுபோய்விடுகிறார்கள். திருப்பிப் பாருங்கள்: செவுள் பிளவு ஐந்தும் அடிப்பக்கத்தில் என்றால் உழுவை, பக்கத்தில் என்றால் சுறா. வாலில் நஞ்சு முள் கிடையாது. முதுகில் மொட்டை முள் வரிசை.

பெரிய உழுவை வகைகளும் ஆப்பு வடிவ உழுவைகளும் உலகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலான இனங்களுக்கு மிகவும் ஆபத்தான நிலை என்ற வகைப்பாடு. அவற்றைச் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் சேர்த்தது 2019 மாநாட்டில். அந்த மாநாடு அந்த ஆண்டு மே மாதம் கொழும்பில்தான் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. சைட்டிஸ் நாடு கடந்த வியாபாரத்தைத்தான் கட்டுப்படுத்தும், தூண்டில்காரரைக் கேட்காது. அதனால் கரையில் அதை விடுவதும் விடாததும் நம் கையில். வாள் மூக்குள்ள வேளா இன்னும் மோசம்: 2013 முதல் எல்லா இனமும் முதலாம் பட்டியலில். வாள் மூக்கோடு எதையாவது கண்டால் படம் எடுத்து, விட்டு, எழுதுங்கள். நீளவால் சுறாவை (வால் உடம்பளவு நீளம்) பிடிப்பதை இலங்கைச் சட்டம் 2012 முதல் தடை செய்திருக்கிறது.

விடும் முறை. தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், முதுகெலும்பு விலகும். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற துவாரத்தில் விரல் விட்டுத் தூக்குவதும் கூடாது, அது மூச்சு எடுக்கும் வழி. மீன் தூக்கும் கொக்கியால் குத்தவே வேண்டாம். தூண்டில் முள் வாய் ஓரத்தில் தெரிந்தால் குறடால் கழற்றுங்கள். விழுங்கியிருந்தால் தோண்டாமல் லீடரை முள்ளுக்குக் கிட்டவே வெட்டுங்கள். நூல் மீற்றர் கணக்கில் தொங்கினால் அது பாறையில் சிக்கி மீன் சாகும். வளைய முள் (முனை உள்பக்கம் திரும்பிய வட்டமான தூண்டில் முள்) போட்டால் பெரும்பாலும் வாய் ஓரத்திலேயே மாட்டும். துருப்பிடிக்காத முள்ளைத் தவிருங்கள். முள்ளுள்ள திருக்கை என்றால் ஈரத் துவாயை வாலின் மேல் மடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

13. கம்புக்காரன்

அக்கா, வளைய முள் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து. கல்லில் நின்று உயரத்தில் இருந்து மீன் பிடிக்கும்போது பழக்கத்தில் வெட்டி இழுத்துவிடுகிறோம். வளைய முள்ளை அப்படி இழுத்தால் மீன் வாயில் இருந்து அப்படியே வழுக்கி வந்துவிடும். "வளைய முள் பிடிக்காது" என்று இங்கே பலர் சொல்வது இதனால்தான். கம்பை அசைக்காமல் ரீலை மட்டும் சுற்றினால் அது தானாகத் திரும்பி மாட்டும். பழகாதவர் சாதாரண முள்ளின் தாடியை (முனைக்குப் பின்னால் உள்ள எதிர்க்கூரை) குறடால் நசுக்கிப் போட்டாலும் விடுவது சுலபம்.

14. காக்கைதீவு15

சின்னதாக இரண்டு. முரலை வெட்டினால் எலும்பு பச்சையாக இருக்கும். கெட்டுப்போன மீன் என்று எறிகிறார்கள். அது பிலிவெர்டின் என்ற நிறப்பொருள், பிறவியிலேயே அப்படி. சாப்பிடலாம். இரவில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பது மட்டும் வேண்டாம். முரல் வெளிச்சத்தைப் பார்த்துப் பாயும், ஊசி மாதிரி ஏறும்.

ஒட்டுமீனையும் கடல்விராலையும் குழப்ப வேண்டாம். நீள உடம்பு, தட்டைத் தலை, பக்கத்தில் கறுப்புப் பட்டை, இரண்டுக்கும் உண்டு. தலை மேல் சலவைப்பலகை மாதிரி நீள்வட்டத் தட்டு இருந்தால் ஒட்டுமீன். அது வள்ளத்திலோ ஐஸ் பெட்டியிலோ ஒட்டிக்கொண்டால் பின்னால் இழுக்காதீர்கள், பிடி இறுகும். முன்பக்கமாகத் தள்ளுங்கள், விட்டுவிடும். தட்டு இல்லாமல் முதுகில் 7 முதல் 9 தனித்தனிக் குட்டை முள் என்றால் கடல்விரால். இந்தக் கரையில் தூண்டிலுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மீன்களில் ஒன்று.

15. முகத்துவாரத்தான்

படம் எடுப்பதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும், ஆகவே நானே எழுதுகிறேன். கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி எடுக்கிற படத்தில் இனம் கண்டுபிடிக்க முடியாது. ஈரப் பலகையில் தலை இடப்பக்கம் இருக்க வைத்து, துடுப்புகளை விரித்து (குண்டூசி போதும்), மீனின் அதே மட்டத்தில் அளவுகோல் வைத்து, நேர் மேலே இருந்து ஒரு படம். பிறகு வாய்க்குள், அடிப்பக்கம், முதுகுத் துடுப்பு நெருக்கத்தில். பிடித்த உடனே எடுங்கள். இடம், நேரம், ஆழம், இரை, முள் இலக்கம் எழுதுங்கள்.

உண்மையிலேயே யாருக்கும் தெரியாத மீன் என்றால், துடுப்பில் இருந்து விரல் நகம் அளவு துண்டு வெட்டி 95 வீத அல்கஹோலில் போடுங்கள், துண்டைப்போல் பத்து மடங்கு திரவம். ஃபோர்மலினில் போட்டால் மரபணுச் சோதனை கெட்டுவிடும். மீனை இரட்டைப் பையில் காற்றை எடுத்துவிட்டு உறையவைத்து, உள்ளே பென்சிலால் எழுதின சீட்டு ஒன்று. பேனை மை ஊறிப் போய்விடும். நாரா (நீர்வாழ் வளங்களை ஆராயும் தேசிய நிறுவனம்) மட்டக்குளி காக்கைதீவில்தான் இருக்கிறது. கொழும்பில் இருப்பவருக்கு அதைவிடக் கிட்ட வேறு இடம் இல்லை.

16. வெள்ளவத்தை_அலை

எண்ணிப் பார்த்தேன். முதுகில் முள் 3. சின்ன முள்ளைப் பின்னால் அமத்தினேன், பெரியது உடனே சாய்ந்தது. மேலே பல் 8. செதில் தட்டுத் தட்டாகத் தெரிகிறது. இன்னொன்று: மேல்தாடையில் நீண்ட பல் இரண்டும் சிவப்பு. இரத்தம் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. வால் நுனி இரண்டும் நூல் மாதிரி நீண்டிருக்கு.

17. கல்கிசைப்பாறை

சிவப்புப் பல், பிறை வால், கருநீல உடம்பு: ஓடோனஸ் நைஜர், செம்பல் கிளாத்தி. 28 சென்டிமீற்றர் வழக்கமான அளவுதான், 50 வரை வளரும். சாப்பிடலாம் தம்பி.

செதிலைச் சுரண்டப் பார்க்காதீர்கள், கத்திதான் மழுங்கும். பெரிய முள்ளுக்குப் பின்னால் இருந்து வயிறுவரை தோலை மட்டும் ஆழமில்லாமல் ஒரு கீறல். கீறல் ஓரத்தைக் குறடால் பிடித்து வால் பக்கமாக உரித்தால் தோல் ஒரே தகடாக வந்துவிடும். கீறலில் இருந்து தலையையும் குடலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும். ஈரலைச் சேர்க்க வேண்டாம். மிஞ்சுவது வெள்ளைச் சதை, முள் குறைவு. சொதிக்கு நல்லது.

18. வெள்ளவத்தை_அலை

உரித்துவிட்டேன், ஒரே தகடுதான். நன்றி அண்ணா.